முதியோரை தூங்க வைக்க மாலை 5 மணிக்கு மாத்திரை!

அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் மறதி நோயால் வாடும் தாத்தா–பாட்டிகளுக்கு மனநோய் மாத்திரையை விற்ற விவகாரம் கோர்ட்டு வரை போனது.

"சைப்ரெக்சா" என்பது மனச்சிதைவு நோய்க்கான மாத்திரை. இதை விற்க எலி லில்லி கம்பெனி முதியோர் இல்லங்களுக்கும் ஆள் அனுப்பியது. "5 மணிக்கு 5" என்பது அவர்களின் தாரக மந்திரம். அதாவது, மாலை 5 மணிக்கு 5 மில்லிகிராம் கொடுத்தால் கிழவர்கள் தூங்கி விடுவார்களாம்! அரசு தரப்பு இப்படி குற்றம் சாட்டியது.

மறதி நோய்க்கு அனுமதி இல்லாமல் விற்ற குற்றத்தை 2009–ம் ஆண்டு கம்பெனி ஒப்புக்கொண்டது. 141½ கோடி டாலர் கட்டவும் சம்மதித்தது.

உயிருக்கு ஆபத்து

இந்த வகை மாத்திரைகளால் மறதி நோய் முதியவர்கள் சாகும் அபாயம் கூடுகிறது என்று 2005–லேயே மருந்து இலாகா எச்சரித்து இருந்தது. அப்படியும் 2007–ல் முதியோர் இல்லங்களில் 7 பேரில் ஒருவருக்கு இவை கொடுக்கப்பட்டன. பெரும்பாலும் மறதி நோயாளிகளுக்குத்தான்!

ராத்திரியில் எழுந்து நடப்பார்கள், சத்தம் போடுவார்கள். கவனிக்க ஆள் போதாது. மாத்திரை கொடுத்தால் வேலை மிச்சம். ஊழியர் வசதிக்காக மருந்து கொடுக்கக்கூடாது என்று 1987–லேயே சட்டம் வந்தும் இந்த கதி!

கேளுங்க

வீட்டுப் பெரியவர் நாள் முழுக்க மயங்கிக் கிடக்கிறாரா? "இந்த மாத்திரை எதுக்கு, டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்காமல் நீங்களே திடீரென்று நிறுத்தி விடாதீர்கள். அதுவும் ஆபத்து.