ஐந்து நாட் செல்வம்

குருக்கள்மடத்துக்கு மேற்கே வாவி. வாவிக்கப்பால் படுவான்கரை வயல்கள். அங்கு விளையும் நெல் மாதக்கணக்கிற் பட்டறையில் இருக்கும். வாவி மீனோ அன்றைக்கே விலைபோதல் வேண்டும். நாம் தானஞ்செய்யும் குருதியிலும் இவ்விரு வகையும் உள.

பெற்ற குருதியைப் பொறியிலிட்டுச் சுழற்றிப் பகுதிகளாகப் பிரிப்பர். செங்குழியங்கள் 2 முதல் 6 பாகை செல்சியசுக் குளிரில் 35 முதல் 42 நாட்கள் வரை பழுதின்றி இருக்கும். குருதிப்பெருக்கை அடைக்கும் சிறுதட்டுக்கள் அத்தகையன அல்ல. மீனுக்கு உதவும் குளிர் இவற்றுக்கு உதவாது. குளிரிற் கிடந்தவற்றை நோயாளிக்கு ஏற்றினால் உடல் அவற்றை விரைந்து அகற்றிவிடும். அறை வெப்பத்தில் வைத்தவையே உடலில் நெடிது வாழ்வன என்பதை 1969 இல் அமெரிக்க ஆய்வாளர் மேர்பியும் காட்னரும் காட்டினர். ஆதலின், ஒட்சிசன் ஊடுசெல்லும் பைகளிலிட்டு, 20 முதல் 24 பாகையில், இடையறாது மெல்ல அசைத்து வைப்பர். அவ்வெப்பம் பற்றீரியாவுக்கும் ஏற்றதாகலின், வழக்கமான எல்லை 5 நாட்களே.

டெங்கு நோயாளர் எல்லோருக்கும் சிறுதட்டு ஏற்றுவதில்லை. கடுங் குருதிப்பெருக்குற்றோர்க்கும், புற்றுநோய்ச் சிகிச்சையால் எலும்பு மச்சை தளர்ந்தோர்க்கும் அது உயிர்காக்கும் பொருளாகலாம். அவர் தேவை நாட்பார்த்து வருவதன்று.

கல்லூரி விழாவன்று பலர் ஒருங்கே ஈயும் குருதி போற்றற்குரியதே; எனினும் அதன் சிறுதட்டுக்கள் அடுத்த வாரத்துக்கு எஞ்சா. நம் நாட்டில் உடல்நலமுடையார் 4 மாதங்களுக்கு ஒருமுறை குருதி ஈயலாம். ஆகவே பழைய மாணவரும் ஆசிரியரும் சிறு குழுக்களாகப் பிரிந்து, ஆண்டு முழுவதும் முறைவைத்து மட்டக்களப்புக் குருதி வங்கிக்குச் செல்வோமாயின், நம் கொடை வேண்டும் நாளிற் பயன்தரும்.