கிட்: கிளைகளையும் குறிச்சொற்களையும் பட்டியலிடுதல்

கிட் என்பது கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் இதை உருவாக்கினார். ஒவ்வொரு பதிவுக்கும் வழக்கமாக 40 இலக்க அடையாளம் உண்டு. அதை மனப்பாடம் செய்ய யாராலும் ஆகாது. ஆகவே பெயர் சூட்டுகிறோம். அப்பெயரே சுட்டு.

கிளை, குறிச்சொல் இரண்டுமே சுட்டுகள்தாம். திண்டிவனம்–நகரி இருப்புப்பாதைப் பணியை எண்ணிப் பாருங்கள். தண்டவாளம் நீள நீள முனை நகரும், கிளை அப்படிப்பட்டது. வழியில் நட்ட கிலோமீட்டர் கல் நின்ற இடத்திலேயே நிற்கும், அது குறிச்சொல்.

'கிட் ஃபார்-ஈச்-ரெஃப்' கட்டளை இரண்டையும் சேர்த்தே பட்டியலிடும். எந்த விவரங்கள் வர வேண்டும் என்பதை 'ஃபார்மேட்' தெரிவில் சொல்லலாம். எதுவும் சொல்லாவிட்டால் வரிசை பெயர்ப்படி அமையும். அப்போது 1.10 என்பது 1.9-க்கு முன்னால் வரும். 'வெர்ஷன்:ரெஃப்நேம்' என்று வரிசைப்படுத்தினால் சரியாகும்.

மாணவர்கள் தடுமாறுவது தேதியில்தான். பலரும் 'கமிட்டர்டேட்' கேட்கிறார்கள். விளக்கக் குறிப்புடன் இட்ட குறிச்சொல் தனிப் பொருள். அதற்குக் கமிட்டர் இல்லை, குறியிட்டவர்தான் உண்டு. எனவே அந்த இடம் வெறுமையாக இருக்கும். புதியது முதலில் என்று அடுக்கினால் நேற்று வெளியிட்ட பதிப்புகூடக் கடைசிக்குப் போய்விடும். 'கிரியேட்டர்டேட்' இரண்டு வகைக்கும் பொருந்தும்.

விழுப்புரம் கல்லூரி ஒன்றில் நால்வர் சேர்ந்து இறுதியாண்டுத் திட்டம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேதி பழையது என்பதற்காக ஒரு கிளையை நீக்கிவிடக் கூடாது. அதிலுள்ள வேலை முதன்மைக் கிளையில் சேராமலே இருக்கலாம். இதே கட்டளையில் 'நோ-மெர்ஜ்டு' தெரிவுடன் முதன்மைக் கிளையின் பெயரைக் கொடுத்தால், அப்படிச் சேராதவை மட்டும் வரும்.