விவசாய கிராமம் நகரமானது எப்படி? கொங்கு மண் சொல்லும் 2,500 ஆண்டுக் கதை

திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் அருகே, அமராவதி பாசனத்தில் இருக்கும் ஊர் கணியூர். இந்த வட்டாரத்தில் வீட்டில் ஒருவர் வயலுக்கும், இன்னொருவர் பனியன் கம்பெனிக்கும் போவது சாதாரண காட்சி. ஆனால் எல்லாருமே உழுதால்தான் எல்லாரும் சாப்பிட முடியும் என்ற நிலை இருந்தால், பனியன் தைக்க ஆள் எங்கிருந்து வரும்? விவசாய கிராமங்களில் இருந்து நாகரிகம் பிறந்த கதையின் சாவி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

மிச்சம்தான் முதல் படி

இன்றைய பாகிஸ்தானில் உள்ள மெஹர்கரில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பே கோதுமையும் பார்லியும் பயிரானது. ஆனால் மொஹஞ்சதாரோ, ஹரப்பா போன்ற பெரிய நகரங்கள் உருவானது கி.மு. 2600 வாக்கில்தான். விதை போட்ட உடனே நகரம் முளைத்துவிடவில்லை. சாப்பிட்டது போக தானியம் மிஞ்ச வேண்டும். அதைச் சேமிக்க வேண்டும். அந்த மிச்சத்தில்தான் குயவர், கொல்லர், நெசவாளர் என முழுநேரத் தொழிலாளர்கள் வாழ முடியும்.

பானையில் இருந்த நெல்

இதற்கான சாட்சி நம்ம பக்கத்திலேயே இருக்கு. பழனி அருகே உள்ள பொருந்தலில், பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் 2009-10ல் அகழாய்வு நடந்தது. அங்கே ஒரு ஈமக்குழியில் இருந்த ஜாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அதை ஆய்வகத்தில் சோதித்தபோது வந்த காலம் கி.மு. 490. அதே குழியில் தமிழ் பிராமி எழுத்து பொறித்த பானைத் தாங்கியும் இருந்தது. இறந்தவருக்காக 2 கிலோ நெல்லைக் குழியில் வைக்க முடிந்தது என்றால், அந்த ஊரில் நெல்லுக்குப் பெரிய பஞ்சம் இருந்திருக்காது என்று கருதலாம்.

அன்றைய தொழில் நகரம்

அடுத்த படியை நொய்யல் கரையில் பார்க்கலாம். சென்னிமலை அருகே உள்ள கொடுமணலில் 1985 முதல் பல கட்டங்களாக அகழாய்வு நடந்தது. இரும்பு உருக்கிய உலைகள், கல்மணி செய்த தடயங்கள், நூல் நூற்கும் சுடுமண் தக்களிகள் எல்லாம் அங்கே கிடைத்தன. பச்சைக்கல் காங்கேயம் அருகே உள்ள படியூர் பகுதியிலேயே கிடைக்கும். சூதுபவளமோ குஜராத் பக்கமிருந்து வந்ததாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மூலப்பொருள் வெளியூரில் இருந்து வருது, வேலை இங்கே நடக்குது, சரக்கு வெளியே போகுது. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை!

எழுத்து எதற்கு வந்தது?

சரக்கு பெருகினால் கணக்கும் பெருகும். இன்றைய ஈராக்கில் இருந்த உருக் நகரில் கி.மு. 3200 வாக்கில் தோன்றிய எழுத்து, முதலில் பெரும்பாலும் தானியம், ஆடு மாடு ஆகியவற்றின் கணக்குக்கே பயன்பட்டது. கொடுமணலில் பெரும்பாலும் பானை ஓடுகளில் ஆள் பெயர்களே இருக்கின்றன. 'இது இன்னாருடையது' என்று பெயர் எழுதி வைக்கும் பழக்கம் அங்கே பரவியிருந்தது.

ஆறு கெட்டால் என்ன ஆகும்?

நாகரிகம் ஒரு தடவை வந்தால் நிரந்தரம் என்று நினைக்க முடியாது. கி.மு. 1900க்குப் பிறகு சிந்துவெளி நகரங்கள் தேய்ந்தன. பருவமழை பலவீனமானதும் ஆறுகள் மாறியதும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மக்கள் மீண்டும் சிறு கிராமங்களுக்குப் பரவினர்.

இந்தப் பாடம் நொய்யலுக்கும் பொருந்தும். பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, விவசாயிகள் நீதிமன்றம் வரை போனார்கள். 2011 ஜனவரியில் விதிகளைப் பின்பற்றாத திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கொடுமணல் இருப்பதும் இதே ஆற்றங்கரையில்தான்.

வயலில் மிஞ்சியதுதான் தொழிலை வளர்த்தது. அந்தத் தொழிலே ஆற்றைக் கெடுத்தால், முதலில் அடி வாங்குவது வயல். வயல் போனால் பட்டறையும் நீண்ட நாள் ஓடாது.