உங்களுக்குத் தெரியுமா? பெயர் சூடி வரும் பொய்

இலண்டனிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பொதியை எதிர்பார்த்துப் பருத்தித்துறையிலோ சாவகச்சேரியிலோ காத்திருக்கும் பெற்றோரின் கைத்தொலைபேசிக்குத் தபால் திணைக்களத்தின் நாமத்தைச் சூடி வந்து, சிறுதொகை செலுத்துமாறு கோரி, வங்கி அட்டையின் விபரங்களைக் கவரும் வஞ்சகக் குறுஞ்செய்திகளைப் பற்றி அத்திணைக்களமே எச்சரித்திருக்கிறது. அனுப்புநர் பெயராக 11 அட்சரங்கள் வரை இட அனுமதிக்கும் தொழில்நுட்பம், அப்பெயருக்கு உரியவர் யாரெனத் தானாக விசாரிப்பதில்லை. அதனினும் பெரிய அபாயம், ஒரே பெயரில் வருபவற்றைத் தொலைபேசி ஒரே வரிசையில் அடுக்குவதால், வங்கியின் மெய்ச்செய்திக்குக் கீழேயே பொய்யும் வந்து அமர்ந்துவிடுவதாகும். சிங்கப்பூரிலோ, 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யப்படாத பெயர்களில் வருபவை ‘மோசடியாக இருக்கலாம்’ என்னும் முத்திரையுடனேயே சென்றடைகின்றன. ஆகவே, வந்த பெயரை மட்டும் நம்பாமல், அட்டை இலக்கத்தைக் கொடுக்குமுன் அருகிலுள்ள தபாற்கந்தோரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.