படைக்கு ஊதா எண்ணெய்! எந்தப் படைக்கு என்று தெரிந்து தடவுங்க!!

ஆழ்வார்குறிச்சி:-

பச்சை இலையைப் பிய்த்து தேங்காய் எண்ணெயில் போடுகிறார்கள். வெயிலில் வைக்கிறார்கள். சில நாளில் எண்ணெய் ஊதா நிறமாக மாறிவிடுகிறது!

மந்திரம் இல்லை, மாயம் இல்லை. சாயப்பொடி கலந்த மோசடியும் இல்லை. வெட்பாலை இலை செய்கிற வேலை அது. அந்த எண்ணெய்க்கு வெட்பாலைத் தைலம் என்று பெயர்.

கடனா நதிப் பக்கம் உள்ள ஆழ்வார்குறிச்சிக்கு மேற்கே மலை. சிவசைலம், அத்திரி மலை என்று சித்தர் கதை சொல்லும் இடங்கள். இந்த வட்டாரத்தில் உடம்பில் படை வந்தால், "வெட்பாலை எண்ணெய் தடவுலே, போயிரும்" என்று சொல்ல ஆள் பஞ்சம் கிடையாது.

போகுமா? சில படை அடங்கும். சில படை அடங்கவே அடங்காது. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பந்தியில் தள்ளி உட்காருகிறார்கள்

அரிப்பு என்பது வெளியே சொல்லக் கூச்சப்படுகிற சமாச்சாரம். பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். கல்யாண வீட்டுப் பந்தியில் தள்ளி உட்காருவார்கள். பெண்ணுக்கு வந்த வரன் தட்டிப் போகும். அதனால் டாக்டரிடம் காட்டாமல், யார் எதைச் சொன்னாலும் தடவிப் பார்க்கிறார்கள்.

காளாஞ்சகப்படைக்காரர்கள் படும் பாடுதான் ரொம்ப மோசம். இங்கிலீஷ் டாக்டர்கள் இதை சொரியாசிஸ் என்பார்கள். சிவந்து தடித்து, மேலே வெள்ளி மாதிரி செதில் உதிரும். முழங்கை, முழங்கால், தலை என்று வரும். சாதாரணமாக ஒரு மாத காலத்தில் புதுசாகிற தோல், இவர்களுக்குச் சில நாளிலேயே வளர்ந்து செதிலாகக் கொட்டுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி நிலை தவறுவதால் வருவது. தொட்டால் ஒட்டாது! பந்தியில் தள்ளி உட்காருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த நோய்க்குத்தான் ஊதா எண்ணெய். சென்னை அரும்பாக்கத்தில் உள்ள மத்திய சித்த ஆராய்ச்சி நிலையம் இதே இலையை வைத்து '777 எண்ணெய்' என்று உருவாக்கியது. 1964-ல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நம் ஊர்க்காரர்கள் அம்பை வழியாக பஸ் பிடித்துப் போய் வரலாம்.

சீனாக்காரனும் அதே சாயம்!

இனி வருவதுதான் ஆச்சரியம். ஊதா நிறம் எங்கிருந்து வருகிறது? வெட்பாலை இலைக்குள் அவுரிச் சாயத்தின் சரக்கு இருக்கிறது. துணிக்கு நீலம் ஏற்றுகிற அதே சாயம். அதோடு இண்டிருபின் என்கிற சிவப்புப் பொருளும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஊதா.

சீன வைத்தியத்தில் 'சிங் தாய்' என்று ஒரு பொடி. வேறு செடிகளின் இலையிலிருந்து எடுப்பது. அதிலும் இதே அவுரி நீலம், இதே இண்டிருபின்! தைவான் நாட்டு சாங் குங் ஆஸ்பத்திரி டாக்டர்கள் அதைக் களிம்பாக்கி 42 சொரியாசிஸ் நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். உடம்பில் ஒரு பக்கம் மருந்துக் களிம்பு, மறுபக்கம் மருந்தில்லாத வெறும் களிம்பு. 12 வாரத்தில் 31 பேருக்கு மருந்து போட்ட பக்கம் படை மறைந்தது, அல்லது மறைகிற நிலைக்கு வந்தது. 2008-ல் இதை வெளியிட்டார்கள்.

உடனே எண்ணெயை மடக்கென்று குடித்துவிடாதீர்கள். சிங் தாய் பொடியை குடல் நோய்க்காக உள்ளே சாப்பிட்ட சிலருக்கு நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறியது. ஜப்பான் சுகாதார அமைச்சகம் 2016-ல் எச்சரிக்கை விட்டது. நம் சித்தர்கள் அக மருந்து 32, புற மருந்து 32 என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தது சும்மா இல்லை. பூச்சு, பற்று, ஒற்றடம், களிம்பு எல்லாம் அந்தப் புற மருந்துக் கணக்கில் வருகிறவை.

இலையிலும் ஆள்மாறாட்டம்

வெட்பாலை என்று நினைத்து குடசப்பாலையைப் பறித்து வருகிறவர்கள் உண்டு. இரண்டிலும் பால் வரும், இரண்டிலும் வெள்ளைப் பூ. காயைப் பார்த்தால் ஆள் பிடிபட்டுவிடும். வெட்பாலையில் ஜோடிக் காய்கள் நுனியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். குடசப்பாலையில் பிரிந்து தொங்கும். (கர்நாடகத்து சென்னபட்டணம் மரப்பொம்மை இருக்கிறதே, அது வெட்பாலை மரத்தில் கடைவதுதான்.)

மலைக்குள் போய் இலை பறிக்கலாம் என்று கிளம்ப வேண்டாம். களக்காடு-முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். புலி விட்டாலும் வனத்துறை விடாது.

"அண்ணாச்சி, ஒரு டியூப்பு!"

இப்போது அதிகமாகப் பரவுவது படர்தாமரை. வட்ட வட்டமாக, ஓரம் சிவந்து, தொடை இடுக்கிலும் இடுப்பிலும் வரும். இது பூஞ்சைக் காளான். கட்டாயம் ஒட்டும். வீட்டில் ஒரே துண்டில் துடைத்தால் எல்லோருக்கும் வரும்.

இதற்கு ஊதா எண்ணெயை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண். நாட்டு வைத்தியத்தில் சீமை அகத்தி இலைதான் பேர் போனது. பிலிப்பைன்ஸ் அரசே பரிந்துரைத்த 10 மூலிகைகளில் அதுவும் ஒன்று.

ஆனால் ஜனங்கள் செய்வது வேறு. "அண்ணாச்சி, அரிப்புக்கு ஒரு டியூப்பு குடுங்க" என்று மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு வாங்குகிறார்கள். ஸ்டீராய்டு கலந்த கிரீமாக இருந்தால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கும். காளான் சாகாது! நிறுத்தியதும் இரண்டு மடங்காகக் கிளம்பும். மறுபடி டியூப். கடைசியில் தோல் மெலிந்து வரி வரியாக வெடிக்கும். இந்த வகைக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் உத்தரவு போட்டது. சீட்டு இல்லாமல் கேட்கிறவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

சிரங்கு தனிக் கதை. தோலுக்குள் வளை தோண்டுகிற பூச்சி அதற்குக் காரணம். ராத்திரியில் அரிப்பு உயிரை வாங்கும். இதில் சித்த வைத்தியமும் இங்கிலீஷ் வைத்தியமும் ஒரே கட்சி. கந்தகக் களிம்பை இரண்டு பேரும் போட்டார்கள். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட்டு, துணிமணி, பாயை எல்லாம் வெந்நீரில் அலசவில்லை என்றால் திரும்ப வரும்.

வெளுத்த தேமலா? கிள்ளிப் பாருங்கள். உணர்ச்சி இல்லை என்றால் எந்த எண்ணெயையும் தொடாதீர்கள். அது தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஒரு வருஷத்துக்குள் முடிந்து போகிற சிகிச்சை. தைலம் தடவிக்கொண்டே காலத்தைக் கடத்தினால் நரம்பு செத்து, விரல் மடங்கிவிடும். மடங்கிய விரலை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது.