கொண்டதும் கொடுத்ததும்

பிறர் பண்பாட்டினின்று ஒன்றை எடுத்தாளுதல் மதிப்பா, அவமதிப்பா என்னும் வினாவுக்கு நம் வகுப்பறையிலேயே சான்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணம் 5027 விருத்தங்களை உடையது. அதன் நாட்டுப் படலத்தைப் பயிலும் மாணவர் சற்றே திகைப்பர். மழை பொழிந்து, வெள்ளம் பெருகி, உழவர் நெல் விளைவிக்கும் அந்நாடு அரபு நாடாம்! கம்பர் கோசலத்தைப் பாடிய நெறி அது.

இரு சாராரும் குறை கூறக்கூடிய இடம் இது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றுக்குப் பிற சமயக் காப்பியத்தின் அணி எதற்கு என்பர் சிலர். எம் மரபை நீவிர் கொண்டது முறையோ என்பர் வேறு சிலர். உமறு, எட்டயபுர அவைக்களப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் பாடங்கேட்டவர். கற்றுத் தேர்ந்த விருத்தம் அவருக்கு இரவற்பொருள் ஆகாது என்பதே நம் துணிபு.

எனினும் அனைத்தையும் அவர் அப்படியே கொள்ளவில்லை. கடவுள் வாழ்த்து ஏக இறைவனையே போற்றுகின்றது. காண்டங்கள் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என அரபுப் பெயர்களையே பூண்டன. பிள்ளைத்தமிழ் பாடிய இசுலாமியப் புலவர்களும், திருமாலை முன்னிறுத்தும் காப்பு மரபை விடுத்து அல்லாஹ்வின் காவலை வேண்டினர். பருவம் பத்தும் மாறவில்லை.

மூலத்தைக் கல்லாமல் புறக்கோலத்தை மட்டும் நகைப்புக்காக அணிவது அவமதிப்பே. விழா மேடைகளில் அத்தகைய வேடங்களைக் கண்டு நாமும் கைதட்டியிருக்கிறோம்.

கொண்டதற்கு ஈடாகக் கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து முதலிய வடிவங்கள் தமிழுக்கு வந்து சேர்ந்தன. இலக்கிய வரலாற்று நூல்கள் பலவற்றில் அவற்றுக்குக் கிடைத்த இடம் ஒரு பத்தியே.