நல்லெண்ணெயில் கலந்த நஞ்சு

பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெய் கொடுப்பது நம்மவரிடையே நெடுங்கால வழக்கமாகும். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அவ்வெண்ணெயை வாங்கிச் செல்லும் தாய்மார்கள் பலர். அவ்வழக்கத்தினூடே ஒருமுறை நோய் புகுந்த வரலாற்றை யாவரும் அறிதல் நலம்.

1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கையில் 20க்கும் மேற்பட்ட தமிழ் இளம்பெண்களுக்குக் கைகால்கள் தளர்ந்தன. இளம்பிள்ளை வாதத்திலும் இத்தளர்ச்சி உண்டு. காய்ச்சலுக்குப் பின் வரும் நரம்பு அழற்சியிலும் உண்டு. ஆகவே, பார்த்த மாத்திரத்தில் நோய் இன்னதெனக் கூற இயலாது. டாக்டர் சேனநாயக்கவும் டாக்டர் ஜெயரத்தினமும் ஆராய்ந்து, உண்மையான காரணத்தை 1981இல் வெளியிட்டனர். அப்பெண்கள் உண்ட நல்லெண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் என்னும் இரசாயனம் கலந்திருந்தது. இயந்திர எண்ணெய்களிலும் பிளாஸ்டிக்கிலும் பயன்படும் பொருள் அது.

இந்நஞ்சு நீண்ட நரம்புகளைத் தாக்கும். உண்டு ஓரிரு வாரங்கள் கழிந்த பின்னரே கால்கள் தளர்வதால், உணவின் மீது எவருக்கும் ஐயம் எழுவதில்லை. மொராக்கோ நாட்டில் 1959இல் விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் சுமார் 10,000 பேர் பாதிக்கப்பட்டனர்.

கைகால் தளர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறலோ விழுங்குவதில் தடையோ தோன்றின், ஒரு கணமும் தாமதிக்கலாகாது. சென்ற ஒரு மாதத்தில் உண்டவை, தெளித்த பூச்சிமருந்து, அண்டை வீட்டாருக்கும் அதே நோய் உண்டா என்பன அனைத்தையும் டாக்டரிடம் கூறுங்கள். இரசாயனம் இருந்த டின்னையும் பீப்பாயையும் எத்தனை முறை கழுவினாலும், அவற்றில் எண்ணெயோ குடிநீரோ வைக்காதீர்கள்.